வானுக்கு ஏறும் சிறு பெட்டி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிற் பல்கலைக்கழக மாணவர் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)





சென்ற மாதக் கூட்டத்திலே, பலூனிற் கமரா ஒன்றைக் கட்டி வானத்துக்கு அனுப்பும் எமது முயற்சியைப் பற்றி நாம் அறிவித்தபோது, சபையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பிமார், ஏத்திறது சரி. அது எங்கை விழும்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்தார். அன்று அக்கேள்விக்கு நாம் தகுந்த விடை கூறவில்லை. உயரம் என்றும் காற்று என்றும் படம் என்றும் ஏதேதோ சொல்லிச் சமாளித்தோம். வீடு திரும்பிய பின்னர் அது எம்மை உறங்கவிடவில்லை. அந்த ஒரு கேள்விக்கு விடை கூறவே இன்று இம்மேடையில் நிற்கிறோம்.

இதோ, மேசைமீதிருக்கும் இப்பெட்டியைப் பாருங்கள். பரசூட்டும் கயிறும் உட்பட இதன் முழு நிறை 386 கிராம். உரித்த தேங்காய் ஒன்றிலும் பாரம் குறைந்தது. இது இன்னும் வானம் ஏறவில்லை. எழுத்து மூலமான அனுமதி கிடைக்கும்வரை ஏறப்போவதும் இல்லை. ஆயினும் இதைச் செய்யப் புகுந்ததனால் நாம் கற்றவை பல. அவற்றையே உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலில், இஃது எமது புத்தியில் உதித்த புதுமையன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1935ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, அமெரிக்காவில் ஸ்ரீவன்ஸ், அன்டர்சன் என்னும் இரு படைவீரர் 'எக்ஸ்புளோரர் 2' என்ற மாபெரும் பலூனில் 72,395 அடி உயரம் சென்றனர். பூமியின் விளிம்பு வளைந்திருப்பதைக் காட்டும் படத்தை அங்கிருந்து எடுத்து வந்தனர். அன்று அப்படத்துக்காக மனிதர் இருவர் தம் உயிரைப் பணயம் வைக்கவேண்டியிருந்தது. எமது அயல்நாட்டிலே, ஐதராபாத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் நிலையம் 1969 முதல் இயங்கி வருகிறது. 2005 ஏப்பிரலில் அங்கிருந்து சென்ற பலூன் ஒன்று 20 முதல் 41 கிலோமீற்றர் உயரம் வரையுள்ள வளியைச் சேகரித்து வந்தது. அவ்வளியில் அதுவரை அறியப்படாத மூவகை நுண்ணுயிர்கள் காணப்பட்டன என்று 2009இல் அறிவித்தனர்.

இவை அரசாங்கங்களும் பெரு நிறுவனங்களும் செய்தவை. எம்மைப் போன்ற மாணவர் செய்ததும் உண்டு. 2009ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், குளிர்பானம் வைக்கும் றெஜிபோம் பெட்டிக்குள் ஒரு சாதாரண கமராவையும் ஒரு கைத்தொலைபேசியையும் வைத்துக் காலநிலைப் பலூனிற் கட்டி அனுப்பினர். அது ஏறத்தாழ 93,000 அடி சென்று, கறுத்த வானத்தையும் வளைந்த பூமியையும் படம்பிடித்து மீண்டது. முழுச் செலவும் ஏறத்தாழ 150 டொலர். பின்னர், 2021 பெப்ரவரி 7ஆம் திகதி, எம் கரைக்கு எதிர்க்கரையான இராமேஸ்வரத்திலிருந்து, மாணவர் செய்த நூறு சின்னஞ்சிறு செய்மதிக் கருவிகள் பலூனில் ஏற்றப்பட்டன. இராமேஸ்வரம் இங்கிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீற்றருக்குட்பட்ட தூரம். அங்குள்ள பிள்ளைகளால் முடிந்தது இங்குள்ள பிள்ளைகளால் முடியாதா என்ற எண்ணமே எம்மைத் தூண்டியது.

பலூன் எப்படி ஏறுகிறது? நாம் மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில், எமது விஞ்ஞான ஆசிரியர் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, வாளி நீருக்குள் இருக்கும்வரை இலேசாகவும் நீருக்கு வெளியே வந்ததும் பாரமாகவும் இருப்பதைக் கைகளாலே உணரச் செய்தார். ஆக்கிமிடிசின் தத்துவத்தை அன்று கற்றோம். வளியிலும் அதே தத்துவந்தான். ஒரு கனமீற்றர் ஈலியம் வாயு, எமது வெப்பமான வளியில், ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தைத் தூக்கும். 600 கிராம் நிறையுள்ள இறப்பர்ப் பலூனையும் இப்பெட்டியையும் தூக்கி, செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் ஏறச் செய்வதற்கு 1.8 கனமீற்றர் அளவு ஈலியம் வேண்டும். நிலத்தில் அப்பலூனின் விட்டம் ஐந்தடி. மேலே செல்லச் செல்ல வெளி அமுக்கம் குறைவதால் அது ஊதிப் பெருக்கும். 30 கிலோமீற்றர் உயரத்தில் வளியமுக்கம் நிலத்திலுள்ளதின் நூற்றில் ஒரு பங்களவே. ஏறத்தாழ அவ்வுயரத்தில் பலூனின் விட்டம் இருபதடியாகி, இறப்பர் தாங்காது வெடித்துவிடும். அதுவே பிரயாணத்தின் பாதிவழி. ஏறுவதற்கு ஒரு மணி நாற்பது நிமிடம், அதன்பின் இறக்கம்.

ஐதரசன் வாயு இன்னும் மலிவானது, இன்னும் இலேசானது அன்றோ என்று சிலர் கேட்டனர். உண்மை. ஆனால் அது தீப்பற்றும். பிள்ளைகள் சூழ்ந்து நிற்கும் மைதானத்தில் அதைக் கையாள எமக்குத் துணிவில்லை. துணிவிருந்தாலும் உரிமையில்லை.

இனிப் பெட்டியின் கதை. நாம் முதலிற் செய்த பெட்டியின் நிறை 1,140 கிராம். பலமாயிருக்கவேண்டும் என்ற ஒரே நினைவில், ஒட்டுப்பலகையால் அடித்தளம் போட்டு, ஆணிகளும் மரைகளும் இட்டு, கடையில் வாங்கிய கமராவையும் எட்டுப் பற்றரிகளையும் அடுக்கினோம். அதைச் சோதிப்பதற்காக, அங்கத்தினர் ஒருவரின் வளவிலுள்ள பனையிற் கப்பி கட்டி நாற்பதடி உயரத்துக்கு இழுத்து விட்டோம். பரசூட் விரியவில்லை. கயிறு முறுக்கிக்கொண்டது. பெட்டி அயல்வீட்டு மாட்டுக்கொட்டிலின் ஓட்டைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது.

கொட்டிற்காரர் ஓடிவந்தார். ஏசுவார் என்று நின்றோம். அவர் ஏசவில்லை. உடைந்த ஓட்டையும், கீழே வைக்கோலிற் கிடந்த பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். "ஓடு போனால் மாத்தலாம் தம்பிமாரே. இந்த நேரம் கண்டுக்குட்டியைக் கட்டியிருந்தால்?" என்றார். அவ்வளவே. அன்று மாலை கணக்குப் பார்த்தோம். அந்தப் பெட்டி ஓட்டில் மோதிய சக்தி ஏறத்தாழ நூறு யூல். இன்று மேசையிலிருக்கும் பெட்டி, பரசூட் விரிந்து, செக்கனுக்கு ஐந்து மீற்றர் வேகத்தில் இறங்குமாயின், அதன் சக்தி ஐந்து யூல். நான்கடி உயரத்திலிருந்து கைதவறி விழுந்ததற்கு ஒப்பானது. இருபதில் ஒரு பங்கு! பாரத்தைக் குறைத்தால் உயரம் கூடும் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். கீழே நிற்பவருக்கு ஆபத்துக் குறையும் என்பது அன்றுதான் உறைத்தது.

அதன்பின் ஒவ்வொரு பொருளையும் நகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்து, இது வேண்டுமா என்று கேட்டோம். பலகை போயிற்று. மன்னாரிலிருந்து மீன் வரும் றெஜிபோம் பெட்டியைக் கழுவி, வெட்டி, மெல்லிய சுவராக்கினோம். அது 84 கிராம். கடைக் கமராவுக்குப் பதில் ராஸ்பெரி பை சீரோ என்னும் சிறு கணினி 9 கிராம். அதன் கமரா 3 கிராம். இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் றேடியோவும் 34 கிராம். ஆறு இலிதியம் பற்றரிகள் 90 கிராம். கம்பிகளும் மின் சீராக்கியும் 38 கிராம். வெப்பமானி 6 கிராம். சிறுவர் குடையொன்றின் துணியிற் செய்த பரசூட் 62 கிராம். கயிறு 40 கிராம். பெயர்த்தகடு 20 கிராம். கூட்டிப் பாருங்கள், 386 வரும்.

பற்றரியில் நாம் ஒரு பாடம் கற்றோம். சாதாரண அல்கலைன் பற்றரி ஒன்று 23 கிராம். அதே அளவு இலிதியம் பற்றரி 15 கிராம். விலையோ பலமடங்கு. செலவைப் பார்த்து முதலில் சாதாரணமானதையே போட்டோம். ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் அன்புகூர்ந்து தம் உறைபெட்டியில் இடம் தந்தார். பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில், இருபத்துமூன்றாவது நிமிடத்திற் கமரா நின்றுவிட்டது. ஆனால் எமது தலைக்கு மேலே, 17 கிலோமீற்றர் உயரத்தில், குளிர் பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 80 பாகை! வெப்பநாடாகிய எமது வானம், அவ்வுயரத்தில், பனிவிழும் நாடுகளின் வானத்தினும் குளிரானது. அதற்கு மேலே படைமண்டலத்தில் வெப்பம் சிறிது சிறிதாக ஏறும். இலிதியம் பற்றரியோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை வேலை செய்யவல்லது. கருவிகள் தாமே விடும் வெப்பத்தை றெஜிபோம் சுவர் காத்துக்கொள்ளுமாதலால், பெட்டியின் உள்ளே அவ்வளவு குளிர் ஏறாது.

இன்னுமிரண்டு சிறு விடயங்கள். எமது ஈரலிப்பான வளியை உள்ளே அடைத்து அனுப்பினால், குளிரிற் கமராக் கண்ணாடியில் நீர் படிந்து படம் மங்கும். உப்புச் சாடிக்குள் வறுத்த அரிசி போடும் எம் தாய்மாரின் முறையைப் பின்பற்றி, ஈரம் உறிஞ்சும் பொதியொன்றை உள்ளே வைத்து, வளி வெளியேறச் சிறு துவாரங்களும் இட்டோம். மற்றது, ஜி.பி.எஸ். கருவிகள் பல, மாற்றியமைக்காவிட்டால், குறித்த உயரத்துக்கு மேல் இருப்பிடம் சொல்ல மறுத்துவிடும். அதற்கென உள்ள விமான முறையில் அமைத்தாலன்றிப் பெட்டி வானத்தில் தொலைந்துபோகும்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அது எங்கே விழும்?

காற்று கொண்டுசெல்லும் இடத்தில் விழும். ஆகவே காற்றை அறியவேண்டும். ஆனி முதல் புரட்டாதி வரை, தென்னிந்தியாவுக்கும் எமது நாட்டுக்கும் மேலே, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகக் கடுங்காற்றொன்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் வேகம் செக்கனுக்கு 30 மீற்றரையும் தாண்டும். அந்தக் காற்றுப்படையைக் கடக்க எமது பலூனுக்கு இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அது 36 கிலோமீற்றர் மேற்கே தள்ளப்படும். செட்டிகுளத்திலிருந்து மேற்குக் கடல் ஏறத்தாழ 40 கிலோமீற்றரே! ஆகவே அக்காலத்தில் அனுப்பினால் பெட்டி மன்னார்க் குடாவுக்கே சொந்தம். மேற்காற்று அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே எமக்கு உகந்தவை. அப்போதும், ஏற்றுவதற்கு முன்னாள் மாலையிற் காற்றின் எதிர்வுகூறலைக் கொண்டு இறங்குமிடத்தைக் கணித்துப் பார்ப்போம். கணிப்பு கடலையோ வில்பத்துக் காட்டையோ காட்டினால் அன்று ஏற்றமாட்டோம்.

மூன்றாவதொன்றும் உண்டு. அதை நாம் சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள். வன்னி நிலத்தில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் நிறைவுறவில்லை. சிவப்புப் பலகை நட்ட காணிகள் இன்னும் உள. வெளிநாட்டு மாணவர் எழுதியவற்றையெல்லாம் வாசித்தோம். பெட்டியைத் தேடிக் காட்டுக்குள் ஓடுவதை அவர்கள் ஒரு விளையாட்டாகவே எழுதியிருக்கின்றனர். எமக்கு அந்த விளையாட்டு இல்லை. ஆகையால், குறியிட்ட காணிக்குள் விழுந்த பெட்டி எமதன்று என்பதை முதல் விதியாக எழுதிவைத்தோம். உள்ளே எத்தனை படங்கள் இருந்தாலும் அது அங்கேயே கிடக்கட்டும்.

அதைவிடக் கடினமான கேள்வி பெயர்த்தகட்டிலே பிறந்தது. "இது தீங்கற்ற விஞ்ஞானக் கருவி, எடுத்துத் திறந்து பாருங்கள்" என்றே பிற நாட்டவர் தம் பெட்டிகளில் எழுதுகின்றனர். நாமும் அவ்வாறே எழுதப் போனோம். அப்போது எம்மில் ஒருவர், "எங்களுக்குச் சின்ன வயசிலை என்ன சொல்லித் தந்தவை?" என்றார். நாம் மௌனமானோம். 'தெரியாத பொருளைத் தொடாதே. திரும்பி வந்து பெரியவருக்குச் சொல்' என்பதே எமது தலைமுறை எழுத்துக்கு முன்னர் கற்ற பாடம். அப்பாடத்தை மறக்கச் சொல்லும் வாசகத்தை, ஒரு படத்துக்காக, ஒரு சிறுபிள்ளையின் கண்முன் நாம் வைக்கலாமா? வைக்கலாகாது. ஆகவே எமது தகட்டில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், "தொடவேண்டாம். இந்த எண்ணுக்கு அறிவியுங்கள். நாமே வருவோம்" என்று எழுதியுள்ளோம். ஏற்றும் நாளுக்கு முன்னர், கணித்த வழியிலுள்ள கிராம அலுவலர்களுக்கும் பொலிசாருக்கும் அறிவிப்பதென்றும் தீர்மானித்தோம்.

இனி அனுமதி. சர்வதேச விமான விதிகள், ஆளில்லாப் பலூன்களை அவை தூக்கும் பாரத்தைக் கொண்டு வகுத்துள்ளன. நான்கு கிலோவுக்குக் குறைந்தது இலேசானது. கட்டும் கயிறுங்கூட 230 நியூற்றன் இழுவைக்கு முன்னரே அறுவதாயிருக்க வேண்டும். அன்றேல் பாரப் பலூனாகிவிடும். விமானமொன்றின் வழியில் அகப்பட்டாலும் தீங்கு சிறிதாகவேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. எமது பெட்டி அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் இலேசானது என்பதனால் அனுமதி வேண்டாம் என்றாகிவிடாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, பாதுகாப்பு அமைச்சு, றேடியோவுக்காகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஆகிய மூன்றிடத்தும் விண்ணப்பிக்க விரும்புகிறோம்.

இவ்விடயத்தில் எம்முள்ளே வாக்குவாதம் இருந்ததை மறைக்கப்போவதில்லை. "விடியற்காலையில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றனர் சிலர். தெரியும், நண்பர்களே. வேறெந்த ஊரிலும் கேட்பாரற்றுப் போகலாம்; இந்த ஊரில், வானத்தில் அறியாத பொருளொன்று தோன்றினால், முற்றத்தில் நிற்கும் தாய்மாரின் நெஞ்சு அதை முதலில் அறியும்.

எம்மிற் சிலர் 2009இல் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள். அமெரிக்க மாணவர் தம் பலூனை ஏற்றிய அதே செப்ரெம்பர் மாதத்தில், நாம் இங்கே மனிக்பாமில், பெற்றோர் கைபிடித்துத் தண்ணீர் வரிசையில் நின்றோம். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடைந்திருந்த அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. அதன் செய்மதிப் படங்களைப் பின்னாளில் நாம் கண்டோம். வெண்மையான கூடாரங்கள் வரிசை வரிசையாக, அரிசி பரப்பியதுபோலத் தெரிந்தன. எந்த மணி எமது கூடாரம் என்று தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. எமது ஊரை மேலிருந்து பிறர் எடுத்த படம் அது. எமது கையால் எடுத்த படமொன்று இதுவரை இல்லை.

30 கிலோமீற்றர் உயரத்தில் அடிவானம் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். முகில் விலகியிருந்தால், பத்துச் செக்கனுக்கு ஒரு படமாக எடுக்கும் இக்கமரா, பாவற்குளத்தையும் கட்டுக்கரைக் குளத்தையும் அருவியாற்றையும், தலைமன்னாரையும் இராமேஸ்வரத்தையும், இடையிலுள்ள மணற்றிட்டுக்களையும் ஒரே படத்திற் காட்டும். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் திகதி வவுனியாப் பகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயலைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். வவுனியாவிலிருந்து தனுஷ்கோடி வரை அப்புயல் சென்ற வழி அந்த ஒரு படத்துக்குள் அடங்கும். எமது குளங்கள் எவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன என்பதை எமது பாடசாலைப் பிள்ளைகள் தம் ஊரார் எடுத்த படத்திற் காண்பார்கள்.

ஆகவே பெரியோர்களிடம் மூன்று உதவி வேண்டுகிறோம். சங்கத்தின் பெயரால் விண்ணப்பக் கடிதத்திற் கையொப்பமிடுங்கள். மாணவர் ஐவர் பெயரிலும் ஊரின் பெயருக்கு மதிப்பு அதிகம். ஏற்றும் நாளை ஊருக்கெல்லாம் முன்னரே அறிவிக்கத் துணைசெய்யுங்கள். காற்றுச் சரியில்லாத நாளில் "இன்று வேண்டாம்" என்று எம்மைத் தடுக்கும் அதிகாரத்தையும் உங்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். வாலிபர்களிடம் வேண்டுவது ஒன்றே: பொறுமை. அனுமதி வரும்வரை இன்னுமொரு பத்துக் கிராமைக் குறைக்க முயல்வோம்.

இறுதியாக, எம்மில் ஒருவரின் அம்மம்மா, இன்றும் விமானச் சத்தம் கேட்டால் முற்றத்தை விட்டு உள்ளே போய்விடுவார். அவருக்கு இப்பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். கையில் ஏந்திப் பார்த்தார்.

"இது மேலை போகேக்கை சத்தம் போடுமோ, பிள்ளை?"

"இல்லை அம்மம்மா. ஒரு சத்தமும் போடாது."

சற்று நேரம் பேசாதிருந்தார். "அப்பச் சரி. ஏத்திற அண்டைக்கு எனக்கும் சொல்லுங்கோ, வெளியிலை வந்து பாக்கிறன்" என்றார்.

அந்த வாக்கை எமக்குக் கிடைத்த முதல் அனுமதியாகக் கொள்கிறோம். மற்றவற்றைப் பெற்றுத்தர உங்கள் ஆதரவை வேண்டி அமைகின்றோம்.